உண்மையைத்தானே சொன்னேன் என்று கேட்கும் அப்பாவுக்கு

வாசகர் கடிதம் (சுருக்கி):

"கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்தமாக அரை ஏக்கர் தோட்டமும் உண்டு. சபைக் கமிட்டியில் இருக்கிறேன், ஞாயிறு ஆராதனையில் ஜெபம் பெரும்பாலும் நான்தான் ஏறெடுப்பேன். என் மகன் பிளஸ் டூவில் இயற்பியலில் பெயில். ரிசல்ட் வந்த வாரம் ஆலயம் முடிந்து தங்கை குடும்பம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு அதில் வந்து நின்றது. 'உன்னைப் பெத்ததுக்கு நாலு தேயிலைச் செடி நட்டிருந்தாலும் பிரயோஜனமா இருந்திருக்கும்' என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் அவன் என்னோடு பேசுவதில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்காருகிறான். குடும்ப ஜெபத்தில் இருக்கிறான், ஆமென்கூடச் சொல்வதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே துணைத்தேர்வுக்குப் பணம் கட்டி எழுதியும் விட்டான். நான் கெட்ட வார்த்தை பேசுகிறவன் அல்ல. உண்மையைத்தானே சொன்னேன்? என் அப்பா சிலோனிலிருந்து வந்து டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) உழைத்தவர், அவர் என்னைப் பேசிய பேச்சில் இது பாதிகூட இல்லை. பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்றுதானே வேதமும் சொல்கிறது? மனைவி மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள். அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு மதிப்பானா?"

பிரியமான சகோதரருக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒரு அவசரமான விஷயம், மற்றதெல்லாம் அதற்கப்புறம். நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தைப் பதினேழு வயதுப் பிள்ளையின் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். "நீ படிக்கவில்லை" என்று அது சொல்லவில்லை, "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று சொல்கிறது. நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? அதனால் இன்றைக்கே அவன் அம்மாவை அவனோடு தனியாக உட்கார்ந்து நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது, கேட்கப்படாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, சரியாகத் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தாலோ, தன் பொருள்களை யாருக்காவது எடுத்துக் கொடுத்தாலோ காத்திருக்க வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போகலாம். இதில் வெட்கப்பட எதுவும் கிடையாது.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

"நான் கெட்ட வார்த்தை பேசுகிறவன் அல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய பேச்சில் கெட்ட வார்த்தை என்றால் ஆபாசமாகத் திட்டுவது, அதை வாயில் எடுக்காதவர் எல்லோரும் பாஸ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எபேசியர் 4:29இல் "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று வாசிக்கும்போதும் அதே அர்த்தத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு அழுகிப்போனது, உதவாமல் போனது என்று பொருள். இயேசு கெட்ட மரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்திலும், வலையில் வந்த மீனில் ஆகாதவைகளை எறிந்துபோடும் உவமையிலும் வருவது அதே சொல்தான். அப்படிப் பார்த்தால் ஆபாசமே இல்லாத, இலக்கணம் சுத்தமான, பெரியவர்கள் முன்னால் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமும் அழுகிய வாக்கியமாக இருக்கலாம். அந்த வசனத்தின் மறுபாதி அளவுகோலையும் தந்துவிடுகிறது: பக்திவிருத்திக்கு ஏதுவானதா, கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனம் உண்டா. பக்திவிருத்தி என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது வீடு கட்டுவதைக் குறிக்கும் சொல். கேட்கிற ஆளுக்குள் ஒரு செங்கல்லாவது ஏறியதா, அல்லது இருந்த சுவரும் சரிந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். பிரயோஜனம் என்ற வார்த்தையை மகனுக்கு எதிராக நீங்கள் எடுத்தீர்கள், பவுலோ அதைப் பேசுகிறவன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

அடுத்து, உண்மை. அவன் இயற்பியலில் தேறவில்லை என்பது உண்மை. அவனைவிட நான்கு செடி மேல் என்பது உண்மையா? நீங்களே நம்பாத ஒன்றை எப்படி உண்மை என்கிறீர்கள்? நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. ஒரு சின்ன உண்மையை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் கோபத்தை அனுப்பி, பிறகு யாராவது கேட்டால் முன்னால் நிற்பதை மட்டும் காட்டுகிறோம். திருவள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன விளக்கத்தை எடுத்துப் பாருங்கள்: "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்." நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்று அவர் விடவில்லை, யாருக்கும் கேடு இல்லாமல் சொல்லவேண்டும் என்கிறார். (நம் ஊட்டியில் பள்ளிக்கூடம் நடத்திய ஜி. யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒரு மிஷனரி ஆயுளில் பல ஆண்டுகளை இந்த நூலோடு கழித்தார் என்பது நம் சபைகளில் அடிக்கடி நினைக்கவேண்டிய விஷயம்.) பவுல் அதையே "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்கிறார். சத்தியமும் வேண்டும், அன்பும் வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து நழுவ முடியாது.

இயேசு கடுமையாகப் பேசவில்லையா என்று அடுத்து கேட்பீர்கள், இந்த இடத்துக்கு வரும்போது எல்லா அப்பாக்களும் கேட்பதுதான். பேசினார். வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்றார். ஆனால் யாரைப் பார்த்து? மற்றவர் தோளில் சுமை ஏற்றிவிட்டு விரலால்கூடத் தொடாத, அதிகாரம் உள்ள ஆட்களைப் பார்த்து. கையும் களவுமாகப் பிடிபட்டு, கூட்டத்தின் நடுவே அவமானப்பட்டு நின்ற பெண்ணிடம் அவர் சொன்னது "நானும் உனக்கு ஆக்கினைத் தீர்ப்பளிக்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே." பாவம் என்ற உண்மையை அங்கேயும் மறைக்கவில்லை, கவனியுங்கள். அவருடைய கடுமை மேலே இருப்பவர்களை நோக்கிப் போனது, விழுந்து கிடப்பவர்களுக்குக் கை நீட்டினார். உங்கள் வீட்டில் அன்றைக்கு மேலே யார் இருந்தார், அத்தை மாமா முன்னால் தலைகுனிந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

பிரம்பு வசனத்தைப் பற்றி ஒரே வரி. பிள்ளையை அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை, அது தனியாக எழுதவேண்டியது, ஆனால் அந்த வசனத்தை வைத்தே பார்த்தாலும் அதில் நாவைப் பிரம்பாக்கு என்று எங்கேயும் இல்லை, அதே நீதிமொழிகள்தான் "பட்டயக்குத்துகள்போல் பேசுகிறவர்களும் உண்டு, ஞானமுள்ளவர்களுடைய நாவோ ஔஷதம்" என்றும் சொல்கிறது.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தது என்னைக் கலங்க வைத்தது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் எண்ணிக்கை போட்டு முடிவு செய்தன, அந்த எண்ணுக்குள் ஒருவராக அவர் வந்திருக்கிறார், வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை போடத் தொடங்கியது, அதில் அவர் உழைத்திருக்கிறார். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாழ்க்கையில் கங்காணி வாயிலிருந்து என்ன மாதிரி சொற்கள் வந்தன என்று அந்தத் தலைமுறை ஆட்கள் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆளை அவன் பறித்த கொழுந்தின் எடையை வைத்து மட்டும் அளந்த பேச்சு அது. எடை குறைந்தால் ஆளே மதிப்பில்லாதவன். உங்கள் அப்பா அதைத் தாங்கினார், தாங்கியது தெரியாமல் உங்களிடம் தந்தார், நீங்கள் உங்கள் மகனிடம் தந்துவிட்டீர்கள். மகனைத் தேயிலைச் செடியோடு எடை போட்ட அந்த வாக்கியம் எங்கே பிறந்தது என்று இப்போது தெரிகிறதா? "அப்பா பேசியதில் இது பாதிகூட இல்லை" என்றீர்கள். பாதியாகக் குறைத்ததற்கே உங்களைப் பாராட்டுகிறேன், மனதாரச் சொல்கிறேன். மீதிப் பாதியும் உங்களோடு நிற்கட்டும். கொலோசெயர் 3:21இல் பவுல் பிதாக்களைத்தான் கூப்பிட்டுச் சொல்கிறார், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று. திடன் போவது நேராகக் கண்ணுக்குத் தெரியாது, சமையலறையில் தனியாகச் சாப்பிடுவது போன்றவற்றில்தான் வெளியே தெரியும்.

அப்புறம் அவனைத் திருத்தவே கூடாதா? திருத்த வேண்டும். அதற்கு உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறீர்கள். நினைத்த நேரத்தில் போய் வெட்டுவீர்களா? பெரிய தோட்டங்களில் முதலில் வேரை எடுத்து அயோடின் போட்டுப் பார்க்கிறார்கள், மாவுச்சத்து இருந்தால் நீலம் கருத்து வரும், இல்லையென்றால் அந்தச் செடியை இப்போது தொடாதே என்று விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வேரில் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் துளிர்க்காது, பட்டுப்போகும். வறட்சியில் வெட்டுவதில்லை. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், சிம்பு சிம்பாகக் கிழிக்கக் கூடாது, தண்ணீர் தேங்காமல் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு பெரிய காயத்துக்கு மருந்துப் பசை பூசி, வெயில் சுடாமல் வெட்டிய கிளைகளையே மேலே போட்டு மூடுகிறீர்கள். ஒரு செடிக்கு இவ்வளவு. கனிகொடுக்கிற கொடியைச் சுத்தம்பண்ணுகிற பிதாவைப் பற்றி யோவான் 15இல் வாசிக்கும்போது மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் புரிய வேண்டும்.

உங்கள் மகனின் வேரில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதை ஒரு குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்காமலே துணைத்தேர்வுக்குப் பணம் கட்டி எழுதிவிட்டான் என்று. சகோதரரே, அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். நீ எதற்கும் உதவ மாட்டாய் என்று அப்பா ஊரறியச் சொன்ன பிறகு, ஒரு பையன் யாரிடமும் காசுக்கு நிற்காமல் எப்படியோ பணம் தேடி, கட்டி, படித்து, போய் எழுதிவிட்டு வந்திருக்கிறான். வேரில் சத்து இருக்கிறது. அவமரியாதை என்று உங்களுக்குப் பட்டது எனக்கு அவனுடைய திடனில் மிச்சம் இருப்பதாகத் தெரிகிறது. அவனிடம் முதலில் சொல்லவேண்டிய உண்மையும் இதுதான், ஏனென்றால் இதுவும் உண்மைதானே?

என்னைப் பற்றியும் சொல்கிறேன். என் அம்மா கடைசிக் காலத்தில் எங்களோடு குன்னூரில் இருந்தார். ராத்திரி படுக்கும் முன் கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்பார், பூட்டியாச்சும்மா என்பேன், கால்மணி நேரத்தில் திரும்பக் கேட்பார். நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டங்களைக் கேட்டுவிட்டு வந்த ஒரு ராத்திரி, "எத்தனை தடவைதான் சொல்றது, மண்டையில எதுவுமே ஏறாதா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அம்மா கேட்கவே இல்லை. டிசம்பர் குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் போடி பரவாயில்லை என்றார், ஆனால் அந்தக் கேள்வி திரும்பி வரவில்லை. ஒரு வார்த்தை ஒருவரை எப்படி அவருடைய சொந்த வீட்டிலேயே அந்நியராக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் உங்களை அவசரப்படுத்துகிறேன், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இப்போது மிக முக்கியமானது. ஆராதனையில் ஜெபம் ஏறெடுப்பவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எதைச் சொல்ல வேண்டும், யார் பெயரை விடக் கூடாது, எந்த வார்த்தை ஆண்டவருக்கு முன் தகும் என்று யோசிப்பீர்கள். ஃபேக்டரி முதலாளியிடம் லீவு கேட்கும்போதும் யோசித்துத்தான் பேசுவீர்கள். அப்படியானால் வார்த்தையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் அல்ல நீங்கள். நன்றாகத் தெரிந்தவர், மகனுக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிட்டவர். யாக்கோபு எங்கே கை வைக்கிறார் என்று பாருங்கள்: அந்த நாவினாலே பிதாவாகிய தேவனைத் துதிக்கிறோம், "தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரை அதினாலேயே சபிக்கிறோம்." துதிக்கப்படுகிறவரின் சாயல் சமையலறையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அவன் ஆமென் சொல்லாததை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஞாயிறு காலையில் ஆலயத்தில் கேட்டதும் மதியம் வீட்டில் கேட்டதும் ஒரே குரல், அந்தக் குரலுக்கு எப்படி ஆமென் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டால் மதிப்பானா? இத்தனை வருடத்தில், தன்னிடம் நேர்மையாக மன்னிப்புக் கேட்ட அப்பாவை அதற்காக மதிக்காமல் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. அரைகுறையாகக் கேட்ட அப்பாக்களைப் பிள்ளைகள் வெறுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம். அம்மாவைத் தூது அனுப்பவும் வேண்டாம். தனியாக இருக்கும்போது, தோட்டத்தில் அவன் கூட வேலை செய்யும்போதாவது, இப்படி: "அன்னைக்கு அத்தை மாமா முன்னாடி உன்னைச் செடியோட வச்சுப் பேசினேன். அது பொய். அது உன் மனசை எவ்வளவு அடிச்சிருக்கும்னு இப்பத்தான் புரியுது. தப்பு என்னோடது, மன்னிச்சிரு." அங்கே நிறுத்திவிட வேண்டும். "ஆனா நீயும் ஒழுங்காப் படிச்சிருந்தா நான் ஏன் சொல்லப்போறேன்" என்பது வாய்வரைக்கும் வரும். அதை விழுங்கிவிடுங்கள், ஆனா என்று ஒரு சொல் வந்துவிட்டால் முன்னால் சொன்ன அத்தனையும் போச்சு. அவன் உடனே பதில் சொல்ல வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், கோபமாக நாலு கேள்வி கேட்கலாம். கேட்கட்டும், வாதாடாதீர்கள்.

பேதுருவிடம் இயேசு பேசியதை ஒருதரம் எடுத்து வாசியுங்கள். குளிருக்குப் போட்ட கரிநெருப்பின் பக்கத்தில் நின்றுதான் பேதுரு அவரைத் தெரியாது என்றான். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் இயேசுவும் கரிநெருப்புதான் போட்டிருந்தார், அதன்மேல் மீன், அப்பம். கேள்வி எதுவும் கேட்பதற்கு முன் அவர் அழைத்தது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதான். சாப்பிட்டு முடித்த பிறகே "நீ என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி. மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது, உண்மை வலிக்காமல் போகவில்லை. ஆனால் ஒரு தடவைகூட நீ மறுதலித்தாய் என்று அவர் சொல்லவில்லை, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தார். நீங்களும் அப்படி ஒன்றைக் கொடுக்கலாம்: அரை ஏக்கர் கணக்கை அவன் எழுதட்டும், இலை போட்ட எடை, வந்த பணம் எல்லாம்.

தனியாகச் சொன்னது போதாது. பலர் முன்னால் உடைத்ததைப் பலர் முன்னால்தான் ஒட்ட வேண்டும். தங்கை குடும்பம் அடுத்து சாப்பிட வரும்போது, அவனிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அவன் சரி என்றால் மட்டும், அதே மேசையில் ஒரே வாக்கியம்: "போன தடவை இவனைப் பத்தி நான் பேசினது தப்பு." பிரசங்கம் வேண்டாம், அவன் கூச்சப்படுவான்.

துணைத்தேர்வு முடிவு வரப்போகிறது. அந்த நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். உறைபனியில் புல் கருகினதும், நெருப்பு வருவதற்கு முன்னாலேயே வனத்துறை ஆட்கள் தீத்தடுப்புக் கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள், எரியத் தொடங்கின பிறகு அந்த வேலையை நிதானமாகச் செய்ய முடியாது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது என்ற யாக்கோபின் வசனம் நமக்கு வெறும் உவமை இல்லை. எனவே இரண்டு வாக்கியங்களை இன்றைக்கே எழுதி வையுங்கள். தேறினால்: "நீயாவே பணம் கட்டி, நீயாவே எழுதி வாங்கினது இது." தேறாவிட்டால்: "சரி, அடுத்து என்னன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம், முதல்ல சாப்பிடு." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கோபம் ஏறுவது தெரிந்தால் அரை மணி நேரம் தோட்டத்துப் பக்கம் போய்விடுங்கள், அந்த நேரத்துக்கு "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீதம் 141இன் வரி போதும்.

வரும் ஞாயிறு ஜெபத்துக்கு உங்கள் பெயர் இருந்தால், இந்த ஒரு வாரம் வேறு யாரையாவது ஏறெடுக்கச் சொல்லி ஆயரிடம் கேளுங்கள். தண்டனையாகச் சொல்லவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது இப்படிப்பட்ட வாரங்களுக்குத்தான், பீடம் எங்கேயும் போகாது, நீங்கள் திரும்பி வரும்வரை இருக்கும்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து உங்கள் பக்கத்துக்கு வந்து உட்காரும் நாளில் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு என் வாழ்த்துகள்.